அண்ணாச்சியிடம் கேளுங்கள்: இழுக்கிற குதிரைக்கு எந்தக் கடிவாளம்?

கேள்வி: அண்ணாச்சி, என்னிடம் ஆறு வயது மார்வாரி ஆண் குதிரை இருக்கிறது. காயடிக்காதது, உயரம் 15 கை (ஒரு கை என்றால் நாலு அங்குலம்). போன ஆடியில் அந்தியூர் சந்தையில் வாங்கினேன். வீட்டிலிருந்து ஆற்றங்கரைக்குப் போகும்போது ஒழுங்காகப் போகிறான். திரும்பும்போதுதான் தலையைத் தூக்கிக்கொண்டு ஒரே இழுப்பு. வார் பிடித்துப் பிடித்து என் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. விற்றவர் கொடுத்த கடிவாளத்தில் முள் இருந்தது. மனசு கேட்காமல் அதைக் கழற்றிவிட்டு, நடுவில் ஒரு மூட்டு உள்ள சாதா ஸ்நாபிள் போட்டேன். இப்போது நிற்கவே மாட்டேன் என்கிறான். குதிரைச் சாமான் விற்பவர், இதைவிடக் கடுமையான கடிவாளமாக பெல்ஹாம் போடுங்கள், கேக் (gag) போடுங்கள் என்று போனில் படமாக அனுப்புகிறார். எதை வாங்கட்டும்? தீனிக்குக் குறைவில்லை, தினமும் நாலு கிலோ கொள்ளு வைக்கிறேன். வேலை காரணமாக ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சவாரி.
(வாசகர், வீரவநல்லூர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியைத்தான் நான் முதலில் படித்திருக்க வேண்டும். நாலு கிலோ கொள்ளு, வாரத்துக்கு ஒரு நாள் சவாரி! ஆறு நாள் கொட்டகையில் கட்டிக்கிடந்து கொள்ளு தின்றால் நீங்களும் நானும்கூட ஞாயிற்றுக்கிழமை ஓடத்தான் செய்வோம். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த முள் கடிவாளம்.

அதைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள், இன்னொரு குதிரை வாய்க்குப் போய்விடும். கொல்லுப்பட்டறையில் கொடுத்து இரண்டாக வெட்டச் சொல்லுங்கள். குதிரையை ஓட்டவோ அடக்கவோ முள், குமிழ் வைத்த கடிவாளம் பயன்படுத்தக் கூடாது என்று 1965ஆம் வருட வதைத்தடுப்பு விதியிலேயே இருக்கிறது. அறுபது வருஷம் ஆகியும் சந்தையில் கிடைக்கிறது, அது வேறு கதை. கழற்றினீர்களே, நல்ல காரியம். ஆனால் அது செய்துவிட்டுப் போன வேலை இன்னும் வாய்க்குள் இருக்கலாம்.

என் கதை ஒன்று சொல்கிறேன். நான் ராணுவத்தில் குதிரை, கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆர்.வி.சி. பிரிவில் சேர்ந்து மீரட்டில் இருந்த புதிது. எங்க அப்பா திருநெல்வேலி ஜங்ஷனில் குதிரைவண்டி ஓட்டியவர் என்பதால் எனக்குக் குதிரை பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. ஒரு செம்பழுப்புக் குதிரையை என்னிடம் கொடுத்தார்கள். அவன் இழுத்தான். நான் கடிவாளத்தை மாற்றினேன். இரண்டு நாள் கேட்டான், மூன்றாம் நாள் மறுபடி இழுத்தான். அதைவிடக் கடுமையான ஒன்றை மாட்டினேன். திரும்பவும் இரண்டு நாள். ஒரு மாதத்தில் மூன்று கடிவாளம். நாலாவதை எடுக்க ஸ்டோருக்குப் போனபோது எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் கூப்பிட்டார். ஒன்றும் திட்டவில்லை. குதிரை வாயைத் திறந்து என் பெருவிரலைப் பிடித்து உள்ளே வைத்தார். முன் பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத வெற்று ஈறு இருக்கிறதல்லவா, கடிவாளம் உட்காருகிற இடம்? அங்கே நாலணாக் காசு அளவுக்குப் புண். மேலே, முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் கடுகு முளைத்தது போல ஒரு சின்னப் பல். ஓநாய்ப்பல் என்பார்கள். எல்லாக் குதிரைக்கும் இருக்காது. இருந்தால் கடிவாளம் போய் அதில் இடிக்கும். நான் இழுக்க இழுக்க அவனுக்கு வலி. வலிக்க வலிக்க அவன் ஓடினான். ஓடினால் தப்பிக்கலாம் என்பதைத் தவிர குதிரைக்கு வேறு புத்தி கிடையாது.

பல்லைப் பிடுங்கி, புண் ஆறும்வரை வாயில் இரும்பே வைக்காமல் இருந்து, பிறகு சாதா ஸ்நாபிளில்தான் ஓட்டினேன். உடனே ஆட்டுக்குட்டி ஆகிவிட்டான் என்று சொன்னால் பொய். கடைசிவரை பலசாலிதான். ஆனால் நில் என்றால் நின்றான்.

ஆகவே கடிவாளம் வாங்குகிற காசை இந்த மாதம் பல்லுக்குச் செலவழியுங்கள். இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. ஓநாய்ப்பல் இருக்கிறதா, கடைவாய்ப் பல்லில் கூர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குதிரைக்கு மேல்தாடைப் பல் கன்னத்தின் பக்கமும், கீழ்த்தாடைப் பல் நாக்கின் பக்கமும் கத்தி போலக் கூர் வைக்கும். அரம் போட்டு ராவ வேண்டும். ஆண் குதிரைக்கு நாலு, ஐந்து வயதில் கோரைப்பல்லும் முளைத்திருக்கும், அதில் கடிவாளம் தட்டாமல் இருக்க வேண்டும். முள் குத்திய தழும்பு, நாக்கில் வெட்டு, கடைவாய் ஓரத்தில் வெடிப்பு, இதெல்லாம் பகல் வெளிச்சத்தில் நீங்களே பார்க்கலாம். சேணத்தையும் கழற்றி, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். ஒரு இடத்தில் முதுகைக் கீழே இறக்கினால் அங்கே வலிக்கிறது என்று அர்த்தம். முதுகு வலிக்கிற குதிரையும் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

இப்போது கொள்ளு. 350 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினமும் 5 முதல் 7 கிலோ காய்ந்த புல் வயிற்றில் விழ வேண்டும். அதுதான் சாப்பாடு. கொள்ளு, ஓட்ஸ் எல்லாம் செய்கிற வேலைக்குக் கூலி. வேலையே இல்லாதவனுக்கு நாலு கிலோ கூலி எதற்கு? இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் குறைக்க வேண்டாம், வயிறு கெடும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முழுத் தீனி தின்று சும்மா நின்ற குதிரையைத் திடீரென்று விரட்டினால் பின்னந்தொடைத் தசை கட்டை போல இறுகி, மூத்திரம் காபி நிறத்தில் போகும். உயிருக்கே ஆபத்து. வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம் நடக்க வையுங்கள். உங்களுக்கு நேரமில்லை என்றால் தெருவில் ஒரு பையன் கிடைக்காமலா போவான்?

சரி, கடிவாளத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது அதைத்தானே.

ஒற்றை மூட்டு ஸ்நாபிள் இழுக்கும்போது பாக்குவெட்டி மாதிரி நாக்கை இரண்டு பக்கமும் நெருக்கும். மேல்வாய் தாழ்வாக உள்ள குதிரைக்கு மூட்டு அண்ணத்திலும் முட்டும். உங்கள் குதிரை தலையைத் தூக்குவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். தலை மேலே போனதும் இரும்பு ஈற்றை விட்டு விலகிக் கடைவாய் ஓரத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே நீங்கள் எவ்வளவு தொங்கினாலும் அவன் சமாளித்துக்கொள்வான். அதனால் இரண்டு மூட்டு உள்ளதைப் பாருங்கள். நடுவில் கொண்டைக்கடலை மாதிரி வழவழப்பான சின்னத் துண்டு இருக்கும். நாக்கின் மேல் படிந்து உட்காரும். அதே இடத்தில் தட்டையாக, சாய்த்து வைத்த தகடு உள்ள ஒன்றும் கடையில் இருக்கும். பார்க்க ஒன்று போலத் தெரியும், ஆனால் அது நாக்கில் விளிம்பால் அழுத்தும். அதை வாங்காதீர்கள். துருப்பிடிக்காத எஃகில் 14 முதல் 16 மில்லிமீட்டர் கனம் போதும். கனமான கடிவாளம்தான் மென்மை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மார்வாரிக்கு வாய் சின்னது. 20 மில்லிமீட்டர் உருளையை உள்ளே திணித்தால் நாக்கு எங்கே போகும்?

அளவு எடுக்க டேப் வேண்டாம். ஒரு சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு, முடிச்சு ஒரு கடைவாயை ஒட்டி இருக்க, கயிற்றை வாய் வழியாக எடுத்து மறு கடைவாயில் விரலால் பிடித்து இன்னொரு முடிச்சுப் போடுங்கள். இரண்டு முடிச்சுக்கும் நடுவே உள்ள நீளத்தோடு ஒரு சென்டிமீட்டர் கூட்டினால் உங்கள் அளவு. மார்வாரிக்குப் பெரும்பாலும் 12 சென்டிமீட்டர் சுற்றி வரும். கடையில் இருப்பது 13.5 தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம் என்பார்கள். பண்ண முடியாது. வாய்க்குள் அங்கும் இங்கும் இழுபட்டு மூட்டு ஒரு பக்கமாகப் போய்விடும். மாட்டியபின் கடைவாய் ஓரத்தில் லேசாக ஒரு சுருக்கம் விழுந்தால் சரி. மூக்குப்பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். வாயை இறுக்கிக் கட்டிப் பூட்டுவது முள் கடிவாளத்துக்குத் தம்பிதான்.

பெல்ஹாம், கேக் பற்றிக் கேட்டீர்கள். கேக் வேண்டவே வேண்டாம். இழுக்கும்போது அது வாய்க்குள் மேல்நோக்கி ஏறும், அதாவது தலையைத் தூக்க வைக்கும். உங்கள் குதிரை ஏற்கெனவே ஆகாயத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது.

பெல்ஹாம் ஒரு நெம்புகோல். வாய் இரும்பின் இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் கை போலக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். வாய் இரும்புக்கு மேலே உள்ள கை 5 சென்டிமீட்டர், கீழே உள்ள கை 10 சென்டிமீட்டர் என்று வையுங்கள். கீழ்க்கை நுனியில் மாட்டிய கீழ் வாரை நீங்கள் ஒரு கிலோ இழுத்தால் தாடைக்கு அடியில் போகும் சங்கிலியும் தலைப்பட்டையும் சேர்ந்து இரண்டு கிலோ வாங்கும், வாய் இரும்பில் மூன்று கிலோ விழும். இப்போது உள்ளங்கைத் தோல் உரிகிற அளவுக்குப் பிடிக்கிறீர்களே, அந்தக் கையை அப்படியே கொண்டுபோய் இதில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆனால் பெல்ஹாமை ஒரேயடியாக ஒதுக்குகிற ஆள் இல்லை நான். பல் பார்த்து, தீனி குறைத்து, இரண்டு மாதம் பழக்கிய பிறகும் வெட்டவெளியில் நிறுத்த முடியவில்லை என்றால், கீழ்க்கை குட்டையான பெல்ஹாம் ஒன்று வாங்கி இரண்டு ஜோடி வாரோடு போடுங்கள். மேல் வாரில் ஓட்டுங்கள், கீழ் வார் அவசரத்துக்கு. சங்கிலியை முறுக்கு இல்லாமல் தட்டையாக்கி, கீழ்க்கை பாதியளவு, அதாவது 45 பாகை சாயும்போது தாடையைத் தொடுகிற மாதிரி மாட்டுங்கள். இரண்டு ஜோடி வாரைக் கையில் பிடிக்கத் தெரியாவிட்டால் யாரிடமாவது கற்றுக்கொண்டு அப்புறம் வாங்குங்கள்.

அப்புறம் உங்கள் கை. ஒரே இழுப்பாகப் பிடித்துத் தொங்காதீர்கள். நீங்கள் இழுத்தால் அவனுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைக்கிறது. கழுத்துப் பலத்தில் அவனிடம் எந்த மனிதனும் ஜெயிக்க முடியாது. பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு. அவன் அரை அடி மெதுவானாலும் உடனே விட வேண்டும். விடுவதுதான் அவனுக்குக் கூலி. மெய்யாகவே பிய்த்துக்கொண்டு ஓடினால், ஒரு கையால் வாரைக் குறுக்கிப் பிடித்து அந்த முஷ்டியைப் பிடரிமயிரில் ஊன்றுங்கள், மறு கையால் மேல்நோக்கி வெட்டி இழுத்து உடனே விடுங்கள், மறுபடி இழுங்கள். அறுத்த வயலில் இடமிருந்தால் பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வரலாம். வாய்க்கால் வரப்பிலும் தார் ரோட்டிலும் திருப்பினால் இரண்டு பேரும் விழுவீர்கள்.

போகும்போது நல்லவன், வரும்போது கெட்டவன் என்றால் அவன் மனசு தீனித் தொட்டியில் இருக்கிறது. வீடு வந்ததும் சேணத்தைக் கழற்றி உடனே கொள்ளு வைக்கிறீர்களா? இனி ஒரு மணி நேரம் கழித்து வையுங்கள். வீட்டைப் பார்த்து ஒருபோதும் ஓட விடாதீர்கள், நடைதான். கடைசி ஒரு கிலோமீட்டர் இறங்கி நீங்களும் நடங்கள். சில நாள் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டு வாருங்கள். ஊர்க்காரர்கள், குதிரை வாங்கியவன் நடந்து போகிறான் பார் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆசுபத்திரியில் வந்து பார்ப்பதைவிட இது மேல்.

கேள்வி: ரேஸ் வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை அவசியமா? கழற்றினால் மிரளுகிறது.
(வாசகர், எட்டயபுரம் பக்கம்)

பதில்: குதிரைக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், வாலுக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் கொஞ்ச இடம் தவிரச் சுற்றிலும் தெரியும். வண்டிச் சக்கரம் தன்னைத் துரத்திக்கொண்டே வருகிற மாதிரி அதற்குத் தோன்றும். கண்பட்டையோடே பழகியதைத் திடீரென்று கழற்றினால் மிரளாமல் என்ன செய்யும்? எங்க அப்பா புதுக் குதிரை வாங்கினால் பத்து நாள் வண்டியில் பூட்டவே மாட்டார். வெறும் வண்டியை எங்கள் பெரியப்பா இழுத்துக்கொண்டு பின்னால் வர, அப்பா குதிரையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். பிறகு பக்கத்தில், பிறகு வண்டி முன்னால், குதிரை பின்னால். “ஏலே, அது பாத்து முடிக்கட்டும். அவசரம் நமக்குத்தான், அதுக்கு இல்ல” என்பார். வழியெல்லாம் பையன்கள் கூட்டம். அப்படிப் பழக்கிய குதிரைக்கும் ஜங்ஷன் நெரிசலில் அவர் கண்பட்டை போட்டுத்தான் ஓட்டினார். நீங்களும் போடுங்கள். பட்டை இமையில் உரசாமல், கண் அதன் நடுவில் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரேஸில் பக்கத்து பைக்கிலிருந்து கத்துகிறார்களே, அவர்கள் வாய்க்கு ஒரு பட்டை இருந்தால் தேவலை.

கேள்வி: கடிவாளமே இல்லாமல், மூக்குப்பட்டை மட்டும் போட்டு ஓட்டலாம் என்று வீடியோவில் பார்த்தேன். அதுதானே குதிரைக்கு நல்லது?
(கல்லூரி மாணவி, தென்காசி)

பதில்: ஓட்டலாம் அம்மா. அடங்கிய குதிரைக்கு, பழகிய கைக்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் வாயில் இரும்பு இல்லை என்பதால் வலியே இல்லை என்று நினைக்காதீர்கள். மூக்கெலும்பு கீழே வரவர மெலிந்து, நுனியில் குருத்தெலும்பாக முடிகிறது. பட்டை தாழ்வாக இறங்கி, பக்கத்தில் நீளமான கம்பியும் வைத்திருந்தால் அதுவும் நெம்புகோல்தான், மூச்சையும் அடைக்கும். நாசித் துவாரத்துக்கு மேலே நான்கு விரற்கடையாவது தள்ளி, கெட்டியான எலும்பின் மேல் இருக்க வேண்டும். முதலில் வேலி போட்ட இடத்தில் பழகுங்கள். சீசன் நேரத்துக் குற்றாலம் ரோட்டில் பரீட்சை பண்ண வேண்டாம்.

கேள்வி: பாண்டியர் காலத்தில் நம் பக்கம் கப்பலில் குதிரை வந்ததாமே, உண்மையா?
(வாசகர், ஸ்ரீவைகுண்டம்)

பதில்: உண்மை. உங்கள் ஊரைத் தாண்டிக் கிழக்கே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு அருகே இருந்த காயல் துறைமுகத்துக்கு ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைக் கப்பல்கள் வந்தன என்று 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரியாமல் செத்துப்போயின, வியாபாரிகள் லாடம் அடிப்பவர்களை இந்தப் பக்கம் வரவே விடவில்லை என்கிறார். செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

கேள்வி: இரும்புக் கடிவாளம் துருப்பிடிக்கிறது. பெயின்ட் அடிக்கலாமா?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: அடிக்காதீர்கள், உரிந்து வயிற்றுக்குள் போகும். கழற்றியதும் தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தால் போதும். மெல்லிய துரு வாய்க்கு ஒன்றும் செய்யாது, சில குதிரைகள் அந்த ருசிக்கு எச்சில் ஊறி மென்றுகொண்டே இருக்கும். மேல்பூச்சு உரிந்து செதில் செதிலாக நிற்கிறதைத்தான் தூக்கி எறிய வேண்டும், அது நாக்கை அறுக்கும். ஒன்று கேளுங்கள், சித்திரை வெயிலில் கடிவாளத்தைக் கொட்டகை ஆணியிலோ பைக் ஹாண்டிலிலோ தொங்கவிட்டால் மாட்டுவதற்கு முன்னால் உங்கள் உதட்டில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.